காதுக்கு ஒரு பள்ளிக்கூடம்

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாயால் வினவுவதும் கேள்வி. காதால் கேட்டுப் பெறுவதும் கேள்வி. திருக்குறளில் இரண்டாவது பொருளுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. குருவிடம் முறையாகப் பாடம் கேட்காமல், கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே ராகங்களை இனம் கண்டுகொள்கிறவரை, 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்று சொல்கிறோம். சொல்லும்போது நம் குரலில் மரியாதையோடு கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும். "அவருக்கு அது பிறவியிலேயே வந்தது. நமக்கு ஏது?" என்று ஒரு பெருமூச்சும் விடுவோம்.

அந்தப் 'பிறவியிலேயே' என்ற சொல் எவ்வளவு தூரம் நியாயமானது? இந்தக் கேள்வியோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மல்லாடியவர்களின் கதை மிகச் சுவையானது. அதன் கடைசி அத்தியாயம் இப்போது நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

காதுக்குப் பாடம் சொல்லும் செயலிகள் இன்று கைப்பேசியில் பல வந்திருக்கின்றன. குற்றாலத்து அருவியைத் தூரத்திலிருந்து கேட்பது போல 'சோ'வென்று ஓர் இரைச்சல் முதலில் எழுகிறது. எல்லா ஸ்தாயிகளும் சம வலுவோடு கலந்த இரைச்சல் அது. சிறிது நேரம் கழித்து அதே இரைச்சல் மறுபடியும் வருகிறது. ஆனால் ஏதோ ஓர் இடத்தை மட்டும் செயலி சற்றுத் தூக்கி விட்டிருக்கிறது. எந்த இடம்? 125-ஆ, 1,000-ஆ, 8,000-ஆ? திரையில் எண்கள் வரிசையாக நிற்கின்றன. நாம் ஒன்றைத் தொடுகிறோம். சரியா, தவறா என்று உடனே தெரிந்துவிடுகிறது. பிறகு அடுத்த கேள்வி. இவ்வளவுதான் விளையாட்டு.

அந்த எண்கள் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தம்புராத் தந்தியை மீட்டினால் அது இப்படியும் அப்படியும் அதிர்கிறது. ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அந்த ஒலியின் அதிர்வு எண். அந்த அளவுக்கு 1894-ல் முப்பத்தாறு வயதிலேயே காலமான ஹென்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயரை வைத்து, இத்தனை ஹெர்ட்ஸ் என்கிறார்கள். நல்ல இளங்காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எண் குறைந்தால் கனம், கூடினால் கூர்மை.

ஒரு விநாடியில் நூற்றுக் கணக்கில் அதிரும் தந்தியைக் கண்ணால் பார்த்து எண்ண முடியுமா? முடியாது. பிரான்ஸில் மெர்ஸென் என்ற பாதிரியார் அதற்கு ஒரு யுக்தி செய்தார். மிக நீளமான தந்தியைக் கட்டி, அது சோம்பலாக ஆடுவதைக் கண்ணால் எண்ணினார். தந்தியைக் குறுக்கினால் அதிர்வு எந்த விகிதத்தில் கூடும் என்ற கணக்கை வைத்து, காதுக்குக் கேட்கும் சுரத்தின் எண்ணை ஊகித்தார். 1636-ல் வெளிவந்த அவருடைய சங்கீத நூலில் இந்தக் கணக்குகள் இருக்கின்றன.

அவருக்குப் பிறகு வந்தவர்தான் இந்தக் கதையிலேயே என் மனத்தை மிகவும் கவர்ந்த மனிதர். அவர் பெயர் ஜோஸப் ஸவூர். 1653-ல் பிறந்தார். ஏழு வயது வரைக்கும் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்த பேச்சும் சரளமாக இல்லை. சங்கீதத்துக்கு வேண்டிய குரலும் இல்லை, காதும் இல்லை. ஆனால் மனிதருக்குச் சங்கீதத்தின் மேல் அப்படி ஒரு பித்து! பாரிஸில் கணிதப் பேராசிரியராக இருந்துகொண்டு, சங்கீதக்காரர்களின் காதை இரவல் வாங்கி ஆராய்ச்சி செய்தார். ஒலியைப் பற்றிய சாஸ்திரத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'அகூஸ்டிக்ஸ்' என்ற பெயரை வழக்கில் நிலைநிறுத்தியவர் அவரே.

ஸவூர் கண்ட வழி எளிமையானது. சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு ஆர்கன் குழல்களைச் சேர்த்து ஊதினால், ஒலி 'வம்... வம்... வம்' என்று ஏறி ஏறி இறங்கும். தம்புரா சேராதபோது நாமும் இதைக் கேட்டிருக்கிறோம். ஒரு விநாடியில் எத்தனை 'வம்' வருகிறதோ, அதுதான் இரண்டு குழல்களின் அதிர்வு எண்களுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு சுரங்களும் 15-க்கு 16 என்ற விகிதத்தில் இருந்து, விநாடிக்கு ஆறு 'வம்' கேட்டால், ஒரு பங்கு ஆறு என்றாகிறது. ஆகவே ஒன்று 90; மற்றொன்று 96. ராகமும் தெரிய வேண்டாம், ரசனையும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இதைச் செய்து காட்டினார். சங்கீதக் காது இல்லாத ஒருவர்தான் சுரங்களுக்கு எண்ணைக் கண்டு தந்தார் என்பதை மறக்காமல் மேலே போவோம்.

1711-ல் இங்கிலாந்தின் அரண்மனை வாத்தியக்காரர் ஜான் ஷோர் இசைக்கவையைச் செய்தார். இரண்டு காலுள்ள எஃகுக் கவை. தட்டினால் எப்போதும் ஒரே சுரம். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், கிரேஃபெல்ட் நகரத்துப் பட்டு ஆலைக்காரர் ஒருவருக்கு அந்தக் கவையின்மேல் மோகம் பிறந்தது. அவர் பெயர் ஷைப்லர். 220-லிருந்து 440 வரையில் நான்கு நான்கு அதிர்வு இடைவெளி விட்டு 56 கவைகளைச் செய்து அடுக்கினார். எந்தச் சுரத்தைக் கொண்டு வந்தாலும், அதன் பக்கத்துக் கவையைத் தட்டி, 'வம்' எத்தனை என்று எண்ணி, அதிர்வு எண்ணைச் சொல்லிவிடலாம். 1834-ல் ஸ்டட்கார்ட் நகரில் கூடிய விஞ்ஞானிகளிடம் 440-ஐப் பொதுச் சுருதியாக வைக்கலாம் என்று அவர் சொன்னார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1939-ல் லண்டனில் கூடிய சர்வதேச மகாநாடு அதே எண்ணுக்குத்தான் வந்து சேர்ந்தது.

பாரிஸில் கேனிக் என்ற கருவி வினைஞர் இதை உச்சிக்குக் கொண்டு போனார். அவர் இளமையில் வயலின் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். 1876-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா பொருட்காட்சியில் அவர் வைத்திருந்த கவைகள் 600-க்கும் மேல். அத்தனையையும் அவர் காதால் கேட்டே சரி பார்த்திருந்தார்.

இதுவரையில் கருவிதான் வளர்ந்தது. காதை வளர்க்கலாம் என்ற எண்ணம் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் வருகிறது. ராணுவ வைத்தியராகத் தொடங்கி, கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியை 1851-ல் செய்து புகழ் பெற்றவர் அவர். 1863-ல் ஒலியின் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாம் ஒரு சுரம் என்று நினைப்பது உண்மையில் பல சுரங்களின் கூட்டம் என்று அதில் விளக்கினார். வீணையின் ஸட்ஜத்தில் அடிச் சுரத்தோடு, அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுள்ள மேற்சுரங்களும் மெல்லிதாகக் கலந்திருக்கின்றன. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் நாதத்தில் உள்ள பேதம் இந்தக் கலவையில் உள்ள பேதமே.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? காதுக்குக் கேட்டால் அல்லவா நம்புவார்கள்! அதற்காக அவர் உள்ளே வெற்றிடமான உருண்டைகளைச் செய்தார். ஒரு பக்கம் வாய். எதிர்ப் பக்கம் சிறு காம்பு. காம்பை மெழுகு வைத்துக் காதில் பொருத்திக்கொண்டு, மற்றக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஆயிரம் சத்தம் இருந்தாலும், அந்த உருண்டை தனக்குரிய ஒரே ஒரு சுரம் வந்தால் மட்டும் காதுக்குள் ரீங்காரம் செய்யும்.

இதில் அதிசயம் உருண்டை அல்ல; அதற்குப் பிறகு நடந்தது. சில நாள் உருண்டையோடு பழகியவர்கள், அதைக் கழற்றி வைத்த பிறகும் அந்த மேற்சுரத்தை வெறுங்காதால் கேட்டார்கள். அது எப்போதும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கவனத்துக்கு வழி காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. உருண்டை அதைச் செய்தது.

இந்த நூல் சென்னைக்கும் வந்தது. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், தம் வாழ்க்கையைப் பாதித்த மூன்று நூல்களில் இதையும் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார். சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்சுரங்கள் தாறுமாறாக இருக்கும்; நம் மிருதங்கத்தில் மட்டும் அவை தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்காக வருகின்றன; வலந்தலையில் இடும் கரணையே அதற்குக் காரணம் என்று அவர் 1920-லும் 1934-லும் எழுதிக் காட்டினார். கரணையை அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டுச் சரி செய்த தொழிலாளியோ ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரையும் அறியமாட்டார். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு ஒரு தட்டு, தட்டினதும் பதில். அவருடைய பள்ளிக்கூடம் அதுதான்.

இனி கதையில் ஒரு கசப்பான திருப்பம். ஸ்வீடனில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போய், அயோவா பல்கலைக் கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியரானவர் கார்ல் ஸீஷோர். 1919-ல் அவர் குழந்தைகளின் சங்கீதத் திறமையை அளப்பதற்குக் கிராமபோன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். தட்டில் இரண்டு சுரங்கள் ஒலிக்கும். இரண்டாவது மேலா, கீழா என்று எழுத வேண்டும். வித்தியாசம் வரவரச் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் மதிப்பெண் வரும்.

ஸீஷோரின் நோக்கம் நல்லதுதான். காது இல்லாத பிள்ளையை வருஷக் கணக்கில் பியானோவின் முன் உட்கார வைத்து வதைக்க வேண்டாமே என்பது அவர் எண்ணம். ஆனால், சுர பேதத்தை உணரும் எல்லை உடம்போடு பிறந்தது, பயிற்சியால் அது நகராது என்று அவர் திடமாக நம்பினார். ராச்செஸ்டர் நகரில் 1921-ல் தொடங்கிய ஈஸ்ட்மன் சங்கீதப் பள்ளியில் மாணவர்களைத் தரம் பிரிக்க இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தினார்கள். ஓர் இசைத்தட்டு சுழன்று முடிவதற்குள் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உருவாகிவிடும்.

அந்த நம்பிக்கைக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1945-ல் ரூத் வயட் என்ற ஆராய்ச்சியாளர், தனித்தனியே உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால் இந்தச் சுர பேத உணர்வு தேறுகிறது என்று காட்டினார்.

இசைத்தட்டும் கேட்டது; இன்றைய செயலியும் கேட்கிறது. இரண்டு கேள்வியும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் இசைத்தட்டு கேள்வி கேட்டதே ஒழிய, பதில் சொல்லவில்லை. பிள்ளை தவறாக எழுதியது. ஏன் தவறு, சரியானது எப்படி இருக்கும் என்று மறுபடி கேட்டுப் பார்க்க அதற்கு வாய்ப்பில்லை. பரீட்சையும் பாடமும் வேறாவது இந்த ஓர் இடத்தில்தான். பதிலைச் சொல்லி, "இன்னொரு முறை கேள்" என்று சொல்லிவிட்டால், அதே யந்திரம் வாத்தியார் ஆகிவிடுகிறது.

இப்படி ஒரு வாத்தியார் தேவைப்பட்டதற்குக் காரணம், இருபதாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு புதிய தொழில். தொலைபேசிக் கம்பியில் தூரம் போகப் போக உயர்ந்த அதிர்வுகள் தேய்ந்துவிடும். அவற்றை ஈடு கட்டிச் சமன் செய்யப் பிறந்த கருவிக்கு 'ஈக்வலைஸர்' என்று பெயர். அது ரேடியோவுக்கும், சினிமாவுக்கும், இசைப்பதிவுக் கூடங்களுக்கும் போயிற்று. எந்தத் திருகு எந்த அதிர்வை ஏற்றும், இறக்கும் என்று கருவியில் எழுதியிருந்தது. ஆனால் பாடகரின் குரலில் இடிக்கிற இடம் எது என்று காதுதானே சொல்ல வேண்டும்?

நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் தலைவர் வாய் திறந்ததும் ஒலிபெருக்கி 'கீ'யென்று அலறுவதைக் கேட்டிருக்கிறோம். பெருக்கியின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து, ஏதோ ஓர் அதிர்வு மட்டும் சுற்றிச் சுற்றி வளர்வதால் வரும் அலறல் அது. பழகாதவர் பதறிப்போய் மொத்தச் சத்தத்தையும் குறைப்பார். பின் வரிசைக்குப் பேச்சே கேட்காது. பழகியவர் "இது இரண்டாயிரத்தைந்நூறு" என்று கண்டு அந்த ஒன்றை மட்டும் இறக்குவார். கூட்டம் ஒன்றும் நடக்காதது போல் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தொழிலுக்குச் சங்கீதமும் தெரிந்து, விஞ்ஞானமும் தெரிந்தவர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று 1946-ல் இசை மேதை ஷோன்பெர்க் சிகாகோ பல்கலைக் கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1949-ல் ஜெர்மனியில் டெட்மோல்ட் நகரில் அதற்கென்றே ஒரு படிப்பு தொடங்கியது. 1974-ல் வார்ஸா நகரில், இன்று ஷோப்பானின் பெயர் தாங்கும் சங்கீதக் கலாசாலையில், நாதத்தின் நிறத்தை இனம் காண்பதற்கே தனி வகுப்பு வைத்தார்கள்.

அதிர்வு எண்களை நினைவில் நிறுத்த இந்தத் துறையினர் கையாளும் ஓர் உபாயத்தைச் சொன்னால், தமிழ் வாசகர்கள் புன்னகை செய்வார்கள். அது உயிரெழுத்துக்கள்! இரைச்சலில் 250-ஐ ஒட்டித் தூக்கினால் அது 'ஊ' என்று ஒலிக்கும். 500-ஐத் தூக்கினால் 'ஓ'. 1,000 என்றால் 'ஆ'. 2,000 'ஏ'. 4,000 'ஈ'. நம் வாய் அந்தந்த உயிரெழுத்தைச் சொல்லும்போது அந்தந்த இடத்து அதிர்வுகளுக்குத்தான் வலுக் கொடுக்கிறது. ஆகவே அரிச்சுவடி படித்த எந்தக் குழந்தையும் இந்தப் பாடத்தில் பாதியை ஏற்கெனவே கற்றிருக்கிறது. அதற்கு எண்தான் தெரியாது.

கதை எழுதுகிறவர்களான நாங்களும் இதைத்தான் வேறு பெயரில் செய்துவருகிறோம். மேளம் 'கும்'மென்றது என்கிறோம். மணி 'கணீ'ரென்றது என்கிறோம். கதவு 'கிறீச்'சிட்டது, பாம்பு 'உஸ்'ஸென்றது என்கிறோம். கீழிருந்து மேலே ஏறும் ஒரு வரிசையே இதில் இருக்கிறது. யாரும் எண்ணைக் கேட்டதில்லை. ஆனாலும் எந்த வாசகரும் மணியை 'உஸ்'ஸென்று ஒலிக்க விடமாட்டார்.

வகுப்பறையிலிருந்து இந்தப் பாடம் 1990-களில் டேவ் மோல்ட்டன் என்ற இசைப்பதிவாளரின் 'தங்கக் காதுகள்' என்னும் குறுந்தகடுகளுக்கு வந்தது. அதற்குப் பிறகு கணிப்பொறிக்கு வந்தது. 2008-ல் கைப்பேசிச் செயலிகளுக்கு அங்காடி திறந்ததும் குவிஸ்டோன்ஸ் போன்றவை வந்தன. முதலில் 12 டெஸிபல் தூக்கிக் கேட்பார்கள். கனத்த பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவது போல அது. பிறகு ஆறு; பிறகு மூன்று. ஒன்பது பட்டைகளாக இருந்தது இருபத்தேழு, முப்பது என்று நுணுகும். தினம் கால்மணி நேரம் போதும். அதற்கு மேல் காது அலுத்துப்போகும். கைப்பேசியின் சின்னப் பெருக்கியால் கீழ் அதிர்வுகளைக் கொடுக்க முடியாது. ஆகையால் நல்ல காதணிக் கருவி அவசியம்.

இப்படிப் பழகினால் ரசனை மாறிவிடுமா, சாதாரண மனிதருக்குப் பிடித்தது பிடிக்காமல் போய்விடுமா என்ற பயம் இயல்பானது. ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. பழகியவர்களையும் பழகாதவர்களையும் உட்கார வைத்து, ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார். இரு சாராரும் பெரும்பாலும் ஒன்றையே நல்லதென்றார்கள். பழகியவர்கள் எத்தனை முறை கேட்டாலும் அதையே சொன்னார்கள், மற்றவர்கள் ஊசலாடினார்கள். பயிற்சி ருசியை மாற்றவில்லை. ருசிக்கு உறுதி கொடுத்தது.

எல்லையும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. உட்காதின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 மெல்லிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. உயர்ந்த அதிர்வுகளைக் கேட்பவை வாசலிலேயே இருப்பவை. முதலில் அடிபடுவதும் அவையே. மனிதருக்கு அவை போனால் மறுபடி முளைப்பதில்லை. வயது ஏற ஏற 16,000 பட்டையில் செயலி என்ன செய்தாலும் மௌனமாகத்தான் இருக்கும். அங்கே பயிற்சி தோற்கும். பெரியவர்களானால் 80 டெஸிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கேட்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதைத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு அதைத் தேய்த்துவிடக் கூடாது அல்லவா?

ஆக, பிறவி கொஞ்சம் உண்டு. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பங்கு எவ்வளவு என்பது, கேள்வியும் பதிலும் எத்தனை முறை காதுக்குக் கிடைத்தன என்று பார்த்த பிறகே சொல்லக்கூடியது. பாட்டு வகுப்பில் முதல் மாதமே அபசுரம் பாடிய குழந்தையிடம், "உனக்குக் காதே இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. பலர் அந்த ஒரு வாக்கியத்தோடு ஆயுள் முழுதும் பாடாமலே இருந்துவிட்டார்கள். குரலும் காதும் இல்லாத ஸவூர் கண்டுபிடித்துத் தந்த கணக்கைத்தான் இன்று உலகத்துச் சங்கீதமெல்லாம் வைத்துக்கொண்டு சுருதி சேர்க்கிறது. அடுத்த முறை அந்த வாக்கியம் நம் நுனி நாக்கு வரை வந்தால், அதை விழுங்கிவிட்டு, "எங்கே, இன்னொரு தடவை கேள்" என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாம்.